வால் கலங்கிய படம்

ஒரு கேமராவுக்குள் நாற்பது படங்கள் குடியிருந்தன. எல்லாம் ஒரே காலையில், ஒரே கண்மாய்க் கரையில் பிறந்தவை. கடைசி இரண்டும் ஒரே குருவியின் படங்கள். சின்னதாக, பழுப்பாக, நெஞ்சில் கோடு கோடாக இருக்குமே, எந்தப் புல்வெளியிலும் நம் காலடியிலிருந்து எழும்பிப் பறக்குமே, அந்த மாதிரி ஒரு குருவி.

அந்த இரண்டில் முதல் படத்தின் பேர் பளிச். இறகை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். அடுத்ததன் பேர் கலங்கல். பாவம், அதில் தலை இருந்தது, உடம்பு இருந்தது, வால் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ புகை போல இருந்தது.

"உன்னையெல்லாம் யாரப்பா எடுத்தது?" என்று கேட்டது பளிச்.

"உன்னை எடுத்த அதே கைதான்."

"அப்போ கை நடுங்கியிருக்கும்."

பளிச்சுக்கு வந்த திமிரைப் பார்க்க வேண்டுமே! கலங்கலின் பயம் வேறு. கேமராவின் சொந்தக்காரர், சைக்கிள் கடை இஸ்மாயில் பாய், பறவை பார்த்து முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்காருவார். கலங்கிய படங்களை ஒன்று விடாமல் அழித்த பிறகுதான் கிளாஸைத் தொடுவார். அப்படிப் போன படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அன்றைக்கும் பாய் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனால் அழிப்பதற்கு முன்னால் சண்டை வந்துவிட்டது. பக்கத்தில் கண்மாய்ப் பறவைப் பட்டியலோடு பிலோமினா டீச்சர். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் பட்டியலில் பேர் ஏறும். இல்லாவிட்டால் 'பழுப்புக் குருவி, பேர் தெரியவில்லை' என்று எழுதிவிட வேண்டும். அவர்களே போட்டுக்கொண்ட சட்டம் அது.

"வானம்பாடி, டீச்சர். இதுல என்ன சந்தேகம்?"

"இல்ல, இது நெட்டைக்காலிக் குருவி, பாய். கால் எவ்வளவு நீளம் பாருங்க."

"காலை எங்க பாக்குறது? அதைத்தான் புல்லு மறைக்குதே!"

பளிச் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பாய் அதைப் பெரிதாக்கினார். அலகு தடிமன், வானம்பாடியேதான் என்றார். வெயிலில் அப்படித் தெரிகிறது என்றார் டீச்சர். திருப்பிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். பளிச்சுக்கு வேர்த்துவிட்டது. இத்தனை அழகை வைத்துக்கொண்டு தான் யார் என்று அதற்கே சொல்லத் தெரியவில்லை.

"விடுங்க பாய். வழக்கம்போலவே எழுதிடறேன்," என்று டீச்சர் பேனாவைத் திறந்தார். பாய்க்குச் சப்பென்று போய்விட்டது. அந்தச் சலிப்போடு அடுத்த படத்துக்குத் தள்ளினார். திரையில் கலங்கல் வந்து நின்றது. பெருவிரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

'அவ்வளவுதான், முடிந்தோம்' என்று கண்ணை மூடிக்கொண்டது கலங்கல்.

"பாய்! கையை எடுங்க!"

டீச்சர் போட்ட சத்தத்தில் வடை தின்றுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன டீச்சர், இது கலங்கிப்போன படம்."

"எங்க கலங்கியிருக்கு? தலை தெளிவு, புல்லு தெளிவு. உங்க கை ஆடியிருந்தா எல்லாமே ஆடியிருக்கணும்ல? வாலு மட்டும் ஏன் கலங்குது?"

பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "வாலை ஆட்டியிருக்கு."

"வானம்பாடி நின்ன இடத்துல இப்படி வாலை ஆட்டுமா?"

"அது எங்க ஆட்டும்? நெட்டைக்காலிதான் சும்மா நிக்காம..." பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, என் வாயாலேயே சொல்ல வச்சுட்டீங்களே!"

டீச்சர் சிரித்துக்கொண்டே எழுதினார்: நெட்டைக்காலி, ஒன்று.

கேமராவுக்குள் பளிச் மெல்லக் கேட்டது, "அந்தப் பேர் எனக்கும் உண்டா?"

"உண்டு, உண்டு. நாம ரெண்டு பேரும் ஒரே குருவிதானே," என்றது கலங்கல். அதற்கு இருந்த சந்தோஷத்தில் யாரை வேண்டுமானாலும் மன்னித்திருக்கும்.

வெளியே பாயும் சந்தோஷமாகத்தான் டீயை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். அப்புறம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"டீச்சர், இத்தனை வருஷமா தினம் தினம் அழிச்சேனே. அதுல எத்தனை வால் ஆடுச்சோ?"