மஞ்சச் சோத்துல செவப்புக் கறை

குளத்துக்குப் புதுத் தண்ணி வந்த அன்னிக்கு, முயலும் குரங்கும் நரியும் முள்ளம்பன்றியும் சோத்துச் சட்டியோட கரையில கூடிச்சுங்க. அந்தக் காட்டு வழக்கம் அது. ஆளுக்கொரு நெறத்துல வீட்டுல சோறு கிண்டிக் கொண்டாரணும். குளிச்சுட்டு வந்து, திருஷ்டி கழிய மஞ்சத்தண்ணியில ஆலம் சுத்துன பொறவுதான் பங்கு வைக்கணும். அதுக்கு முன்னால யாரும் சட்டியில கை வைக்கக் கூடாது.

முயல் கொண்டாந்தது மஞ்சப்பொடியும் தேங்காயும் போட்ட சோறு. பளபளன்னு இருந்துச்சு. குரங்கு புளிச்சோறு. போன வருசம் அது உப்புப் போட மறந்துட்டு, "எங்க பக்கத்துப் பக்குவமே இப்படித்தான்!"னு சாதிச்சுது பாருங்க, வெக்கங்கெட்டது! சரி, அத விடுங்க. நரி வெறும் தயிர்ச்சோத்தோட, வெத்தலையக் குதப்பிக்கிட்டே வந்து உக்காந்துச்சு.

முள்ளம்பன்றி அந்தக் கரைக்குப் புதுசு. அது சட்டியத் தொறந்தா, சோறு நீலம்!

முயல் பின்னால தாவிச்சு. "என்னடி இது? மயில்துத்த வெசமா?"

"சங்குப்பூ அக்கா! பூவக் கொதிக்க வச்ச தண்ணியில வேக வச்சேன். எலுமிச்சம்பழம் பிழிஞ்சா இன்னும் அழகு, பாருங்க!"

பிழிஞ்சுது. நீலம் கத்திரிப்பூ நெறமாயிடுச்சு. சந்தோசப்படுவாங்கன்னு நெனச்சு செஞ்சுது, பாவம்!

"கண்ணு முன்னாலயே நெறம் மாறுதே!"ன்னு குரங்கு மூக்கப் பொத்துச்சு.

"சோறே இப்படின்னா, ஆக்குனவ எப்படியோ?"ன்னு நரி மெதுவா ஊதிவிட்டுச்சு.

முள்ளம்பன்றி மொகம் வாடிப்போச்சு. குட்டிங்களக் கூட்டிட்டு வரேன்னு வளைக்குப் போயிடுச்சு.

"எனக்குச் சளி. தண்ணி ஆகாது. நீங்க குளிங்க, சட்டிக்கு நான் காவல்!"னு நரி சொல்லுச்சு.

மத்த ரெண்டும் குளத்துல எறங்குச்சுங்க. குளிச்சுதுங்கன்னா நெனைக்கிறீங்க? முழுகி எந்திரிக்கிறப்பல்லாம் முள்ளம்பன்றியப் பத்தித்தான் பேச்சு!

கரையேறிப் பாத்தா, மஞ்சச் சோத்துல பாதியக் காணோம். மிச்சத்துல செவப்பு செவப்பாக் கறை.

"ஐயோ, ரத்தம்!"னு முயல் அலறுச்சு.

"கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முள்ளு சரசரக்குற சத்தம் மட்டும் கேட்டுச்சு"ன்னு நரி இழுத்துச்சு.

முயலோட அக்கா ஒருத்தி இருந்தா. மின்மினியப் பாத்துட்டு, வீடு பத்திக்கிச்சுன்னு காட்டையே கூட்டிட்டா. அந்த வம்சத்துக்கே அவசரம்!

அந்நேரம் முள்ளம்பன்றி ரெண்டு குட்டியோட வந்துச்சு. முயல் பாஞ்சுது. "திருடி! பொழுது சாயுறதுக்குள்ள கரைய விட்டுப் போயிரு!"

"நான் தொடலக்கா! என் கையில காயம் இருக்கா பாருங்க! இந்தப் பச்சப்புள்ளைங்களோட தண்ணிக்கு எங்க போவேன்?"

"எங்கயோ போ!"

குட்டிங்க ரெண்டும் அம்மா வயித்துக்கடியில பூந்துக்கிச்சுங்க.

"இவ போறப்பவே திருஷ்டியும் கழியட்டும். ஆலத்தக் கரைங்க!"ன்னு குரங்கு சொல்லுச்சு.

முயல் தட்டுல மஞ்சத்தண்ணி கலக்குச்சு. "நரியண்ணே, ஒரு சிட்டிகை சுண்ணாம்பு குடு!"

"தாராளமா!"ன்னு நரி வெத்தலப் பொட்டலத்துலருந்து வழிச்சுக் குடுத்துச்சு.

சுண்ணாம்பு விழுந்ததும் மஞ்சத்தண்ணி செவந்துச்சு. வருசா வருசம் கரைக்கிறதுதானே? ஆனா அன்னிக்கு முயல் கை அப்படியே நின்னுபோச்சு. தட்டப் பாத்துச்சு. சட்டியப் பாத்துச்சு. ரெண்டும் ஒரே செவப்பு!

"குரங்கு மாமா, இது ரத்தமில்ல! சுண்ணாம்புக் கை பட்ட மஞ்சள்!"

"இந்தக் கரையில வெத்தல போடுறது யாரு?"ன்னு குரங்கு திரும்புச்சு.

நரி கைய முதுகுக்குப் பின்னால ஒளிச்சுது. குரங்கு புடிச்சு இழுத்துப் பாத்தா, வெரல்ல சுண்ணாம்பு, நகத்திடுக்குல செவந்த பருக்கை! ஒதறிக்கிட்டு ஓடுன நரி, தன் தயிர்ச்சோத்தக்கூட எடுக்கல.

முயல் முள்ளம்பன்றியோட சட்டிகிட்டப் போச்சு. அப்புறம் கத்திரிப்பூ நெறச் சோத்துல ஒரு கவளம் அள்ளி, எல்லாரும் பாக்க வாயில போட்டுச்சு.

"புளிப்பு நல்லாருக்குடி, தங்கச்சி. போகாத. குட்டிங்களுக்கும் எலை போடு!"

புதுசா வந்தவங்களையே சந்தேகமாப் பாத்துக்கிட்டு, பழகுனவன்கிட்டச் சட்டிய விட்டுட்டுப் போனா, சோறும் பறிபோகும், நல்ல மனுசங்க மனசையும் நோகடிப்போம்.