சந்தேகச் சாமியின் திருவோடு

மடத்துக்கு வந்த கையோடு மருதாசலம் ஏமாந்துபோனார்.

வாசலில் ஒரு பலகை தொங்கியது. ‘காலை: ஐயம். மாலை: மௌனம்’ என்று அதில் எழுதியிருந்தது. அடடா, நமக்கென்றே எழுதி மாட்டியது போல இருக்கிறதே என்று அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் குளித்து முழுகி, திருநீறு பூசி, மண்டைக்குள் கேள்விகளை அடுக்கிக்கொண்டு, மடத்தை நடத்தும் உமையம்மை முன்னால் போய் உட்கார்ந்தார்.

“ஐயத்துக்கு வந்திருக்கேனுங்கம்மா.”

“நல்லதுங்க,” என்றார் உமையம்மை. எழுந்து உள்ளே போய் ஒரு திருவோட்டை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். “மேற்கு வீதியில ஆரம்பிங்க. வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிரலாம்.”

கரட்டடி மடத்தில் ஐயம் என்றால் பிச்சை. பழைய சொல். சந்தேகத்துக்கும் அதுதான் பெயர், பிச்சைக்கும் அதுதான் பெயர். மடத்தை உண்டாக்கியவர் அந்தச் சொல்லையே புழங்கினார், அதுவே நின்றுவிட்டது. காலையில் சீடர்கள் ஓடேந்தி ஊருக்குள் போவார்கள், கிடைத்ததைக் கொண்டுவந்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். சந்தேகம் கேட்கிற நேரமென்று அங்கே தனியாக எதுவும் கிடையாது.

இந்தக் கதை ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அன்று முதல் அவர் பெயர் சந்தேகச் சாமி.

பெயர் என்னவோ பொருத்தமாகத்தான் இருந்தது. மருதாசலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. உமையம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஓய்வு பெறும்வரை ஓர் அலுவலகத்தில் புள்ளிவிவரம் திரட்டும் வேலை பார்த்தவர் மருதாசலம். எண்கள் எந்தக் கிணற்றிலிருந்து இறைக்கப்படுகின்றன என்று கிட்டத்தில் நின்று பார்த்துவிட்டதாலோ என்னவோ, அரசாங்கம் ஒன்றைச் சொன்னால் போதும், அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும்.

மழை வரும் என்று வானிலைச் செய்தியில் சொன்னால், “எவனோ ஜன்னலைத் திறந்து பாத்துட்டுச் சொல்றான்,” என்பார். ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்னால், “கை இங்க இருக்குது, ரேகை எங்க போகுது?” என்பார். அரிசி போடுகிற வீட்டில் காலேஜ் படிக்கிற பெண் செல்போனிடம் ஏதோ கேட்டுப் பதில் வாங்கினால், “அது யார்கிட்டக் கேட்டுச் சொல்லுதுன்னு கேட்டியா கண்ணு?” என்பார்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் கேட்டதில் பாதி நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கமாட்டார். அதற்குள் அடுத்த வீட்டு வாசலுக்குப் போயிருப்பார்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் சந்தேகச் சாமிக்குச் சந்தேகம் எதுவும் வராது. அது கவிதாமணி வீடு. அவள் கைக்குழந்தைக்காரி. ஓட்டில் அரிசியைப் போட்டுவிட்டுக் குழந்தையை அவரிடம் நீட்டுவாள்.

“சாமி, செத்த நேரம் வெச்சிருங்க. அடுப்புல பால் இருக்குது.”

குழந்தை அவர் தாடியைப் பிடித்து இழுக்கும். உலகத்தில் உள்ள எல்லா இலாகாக்களையும் மன்னித்துவிட்ட முகத்தோடு அவர் நின்றுகொண்டிருப்பார்.

ஆனி மாதம் ஊருக்குள் எக்ஸ்ரே வண்டி வந்தது. காசநோயை ஒழிக்கிற திட்டமாம். டாக்டர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுமாம். உமையம்மை முதலில் போய் எடுத்துக்கொண்டதால், மடத்துக்காரர்கள் எல்லோரும் பின்னாலேயே போனார்கள். மருதாசலமும் வேறு வழியில்லாமல் போய் நெஞ்சைக் காட்டிவிட்டு நின்றார்.

மற்றவர்களுக்கெல்லாம் திரையில் பச்சை வந்தது. அவருக்குச் சிவப்பு வந்தது.

“காசநோய் ஐயம்னு வருதுங்க சாமி,” என்று திரையைப் பார்த்துப் படித்தாள் நர்ஸ்.

“என்னது?”

“சந்தேகந்தானுங்க, உறுதியில்லை.” ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். “காலையில எந்திரிச்சதும் வாய் கொப்புளிச்சுட்டு, நல்லா இருமி, கோழையை இதுல துப்பிக் கொண்டாங்க. பாத்துரலாம்.”

மருதாசலத்தின் உதடு கோணியது. “ஏம்மா, மாசத்துக்கு இத்தனை பேரைக் கண்டுபிடிக்கோணும்னு உனக்கு மேல இருந்து சொல்லியிருப்பாங்களே?”

“சொல்லியிருக்காங்க சாமி,” என்றாள் நர்ஸ், ஒளிக்காமல். “அதுக்காக உங்க கோழையை நான் துப்ப முடியுங்களா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மருதாசலம் டப்பாவை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று மடத்துக்கு நடந்தார். தன் அறை ஜன்னலில் அதைக் கவிழ்த்து வைத்தார்.

மாங்காய் காலத்திலிருந்து அவருக்கு லேசான இருமல் இருந்தது. தூசி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலை மௌனம் தொடங்குவதற்கு முன் உமையம்மை அவரைக் கூப்பிட்டார்.

“டப்பாவை என்ன பண்ணுனீங்க ஐயா?”

“வெச்சிருக்கேனுங்க. மொளகாப்பொடி போட்டு வைக்க ஆகும்.”

“கோழை குடுக்கப் போறதில்லைங்களா?”

“அம்மா, ஒரு பெட்டி என் நெஞ்சைப் பாத்து நோவு இருக்குதுங்குது. அந்தப் பெட்டிக்குச் சொல்லிக்குடுத்தது யாருங்க? எங்கியோ யாரு யாரு நெஞ்சையோ காட்டி, இது நோவு, இது நோவில்லைன்னு பழக்கியிருப்பாங்க. அதுல என்னையாட்டம் ஒருத்தன் இருந்தானா?”

“இருந்தானுங்களா?”

“எனக்கெப்படிங்க தெரியும்?”

“யாரைக் கேட்டீங்க?”

மருதாசலம் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். “யாரைக் கேக்கோணும்? என் உடம்பு எனக்குத் தெரியாதுங்களா? எனக்கு நோவு இல்லீங்க.”

“சந்தேகமே இல்லைங்களா?”

“துளிகூட இல்லீங்க.”

“சரிங்க,” என்றார் உமையம்மை. “நாளைக்கு ஐயத்துக்கு நானும் வர்றேன்.”

மறுநாள் இருவரும் போனார்கள். மேற்கு வீதியில் மருதாசலம் யாரிடமும் வாய் கொடுக்கவில்லை. ஒருவர் புது மின் மீட்டரைப் பற்றித் தானாகவே பேச்செடுத்தார். அதற்கும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

கவிதாமணி வீட்டு வாசலில் அரிசி விழுந்தது. வழக்கம் போலக் குழந்தையை நீட்டினாள்.

அவர் கைகள் எழுந்தன. பாதியில் நின்றன. ஓரடி பின்னால் போய், துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். குழந்தை தாடியைத் தேடி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு எம்பியது.

அவர் பின்வாங்குவதற்கு முன்பே உமையம்மையின் கைகள் நீண்டிருந்தன. அந்தக் கைகள் குழந்தையை வாங்கிக்கொண்டன.

“ஏனுங்க சாமி, பாப்பா மேல கோவமுங்களா?” என்றாள் கவிதாமணி.

“கை சுத்தமில்லை கண்ணு,” என்றார் மருதாசலம். குரல் அவருக்கே கேட்கவில்லை.

இருவரும் மடத்தைப் பார்த்துத் திரும்பி நடந்தார்கள். ஊர் எல்லை தாண்டியதும் மருதாசலத்தால் தாங்க முடியவில்லை.

“நீங்க ஒண்ணும் கேக்கலையேம்மா.”

“என்னத்தைக் கேக்கறதுங்க? துளிகூடச் சந்தேகம் இல்லைன்னு நேத்தே சொல்லிட்டீங்க.”

அவர் நடுவழியில் நின்றுவிட்டார். அந்த வயதில் அழுவதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதார்.

“முந்தாநேத்து வரைக்கும் தூக்குனேனுங்கம்மா. அது மூஞ்சிக்கு நேரா எத்தனை தடவை இருமுனேனோ, நெனப்பில்லை. எனக்கு வந்தா வந்துட்டுப் போகட்டும். அந்தக் கொழந்தைக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

“அது தெரியறதுக்கு ஏதாவது வழி இருக்குதுங்களா?” என்று கேட்டார் உமையம்மை. நிஜமாகவே தெரியாதவர் கேட்பது போலக் கேட்டார்.

அடுத்த நாள் காலையில் மடத்தில் எல்லோரும் அந்த இருமலைக் கேட்டார்கள். கண்ணில் நீர் முட்டுகிற அளவுக்கு இருமி, டப்பாவை இறுக மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

முடிவு வரும்வரை அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. யாரும் சொல்லாமலே பாயைச் சுருட்டிக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போனார். வாயில் கட்டிய துண்டை அவிழ்க்கவில்லை. சாப்பாடு வந்தால் தட்டைத் தூரத்தில் வைக்கச் சொல்லுவார். சீடர் ஒருவர் அவரைப் பேசவைக்கலாமென்று, “நாளைக்குக் கனமழையாமுங்க,” என்று சீண்டிப் பார்த்தார்.

“வரட்டும்,” என்றார் சந்தேகச் சாமி. சீடருக்குப் பயமாகிவிட்டது.

நர்ஸ் தன் ஸ்கூட்டரிலேயே வந்தாள். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கத்தினாள்.

“ஒண்ணுமில்லீங்க சாமி! கோழையில கிருமி இல்லை. டாக்டரும் படத்தைப் பாத்துட்டாரு. சின்ன வயசுல உங்களுக்கு நெஞ்சுச்சளி முத்தியிருக்குமாம், அதோட தழும்புதானாம். இருமலுக்கு மருந்து தந்திருக்காருங்க.”

மருதாசலம் விறகுக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. வாயில் கட்டிய துண்டை அவிழ்த்து, அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துவிட்டார். காற்று இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. பிறகு செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், கொளுத்துகிற வெயிலில் மேற்கு வீதியைப் பார்த்து நடந்தார்.

“கை சுத்தமாயிருச்சு கண்ணு!” என்று வாசலிலிருந்தே கூவினார்.

கவிதாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் குழந்தையைக் கொடுத்தாள். இத்தனை நாள் பாக்கிக்கும் சேர்த்துத் தாடியை இழுத்துவிட்டு, அவர் வேட்டியையும் நனைத்து வைத்தது குழந்தை. அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

மடத்துக்குத் திரும்பி வருவதற்குள் அவர் கழுத்து பழையபடி நிமிர்ந்துவிட்டது.

“பாத்தீங்களாம்மா?” என்று உமையம்மை முன்னால் வந்து உட்கார்ந்தார். “நான் அன்னைக்கே சொன்னேன். மெஷின் தப்பாச் சொல்லுதுன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“கடைசியில என் சந்தேகந்தானே செயிச்சுது?”

“கிருமி இல்லைன்னு இப்ப யாருங்க சொன்னது?”

“சுகாதார நிலையத்துல சோதிச்சுச் சொன்னாங்க.”

“எதுல சோதிச்சாங்க?”

மருதாசலம் தலையைச் சொறிந்தார். “அதுவும் ஒரு மெஷின்தானுங்க.”

“அது மேல உங்களுக்கு ஐயமில்லைங்களா?”

சொறிந்த கை அப்படியே நின்றது. அடுத்த கணம் அவரே விழுந்து விழுந்து சிரித்தார். உமையம்மையும் சிரித்தார். நல்ல செய்தி சொன்ன மெஷினைச் சந்தேகப்படலாம் என்று அதுவரை மருதாசலத்துக்குத் தோன்றவே இல்லை.

சிரித்து ஓய்ந்ததும் மருதாசலம் விடாமல் ஆரம்பித்தார். “இருக்கட்டுமுங்க. அந்த முதல் மெஷின் தப்பாத்தானே சொல்லுச்சு?”

“என்ன சொல்லுச்சு?”

“காசநோய்னு.”

“முழுசாச் சொல்லுங்க.”

“காசநோய்…” அவர் கொஞ்சம் நிறுத்தினார். “காசநோய் ஐயம்.”

“சொல்லிட்டு என்ன பண்ணுச்சு?”

“என்ன பண்ணும்? நர்ஸ் டப்பாவை நீட்டுனா.”

மருதாசலம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

“அப்படின்னா இனிமேல் நான் எதையும் சந்தேகப்படக் கூடாதுங்களாம்மா?”

உமையம்மை எழுந்து சுவர் மாடத்தருகே போனார். விறகுக் கொட்டகைக்குப் போகும் முன் மருதாசலம் கவிழ்த்து வைத்த திருவோடு அங்கேயே இருந்தது. அதை எடுத்து, தூசியைத் துடைத்து, நிமிர்த்தி, அவர் இரண்டு கைகளிலும் வைத்தார்.

“யாரை வேணும்னாலும் சந்தேகப்படுங்க ஐயா. அரசாங்கத்தைப் படுங்க, மெஷினைப் படுங்க, என்னையும் படுங்க. ஆனா ஐயம்னு கெளம்புனா ஓடேந்திப் பதிலுக்கு நிக்கோணும். அதுக்குத்தானே மொத நாளே இதை உங்க கையில குடுத்தேன்?”