நொச்சிக்குடா ரபி தேடிய கதை

கடலோரத்தில் நொச்சிக்குடா என்று ஓர் ஊர். அங்கே சில யூதக் குடும்பங்கள் இருந்தன. எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று கேட்டால் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அவர்களுடைய பாட்டன்மார் மிளகு வாங்கக் கப்பலில் வந்தார்களாம். முதலாளி மாலுமியிடம், "கரையை ஒட்டியே ஓட்டு" என்றாராம். மாலுமி ஒட்டிவிட்டான். கப்பல் அதற்கப்புறம் நகரவில்லை. அந்த மாலுமியின் நேர் வாரிசு நாங்கள்தான் என்று ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக உரிமை கொண்டாடும். நம்பாமல் இருக்க நமக்கு ஒரு காரணமும் இல்லை.

அவர்களுடைய ஜெபாலயத்துக்குத் தலைவர் குடைக்கடை எப்பிராயீம். மழை தொடங்கினால் சரக்கு நனைந்துவிடும் என்று கடையைச் சாத்திவிடுகிற அளவுக்கு வியாபாரம் தெரிந்தவர். அவருக்கு ஒரே மகள், அபிகாயில். பக்கத்துத் துறைமுகத்து மாப்பிள்ளை ஒருவரோடு அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "முறையா ஒரு ரபி வந்து நடத்தி வைக்கணும். மழைக்கு முந்தி ஏற்பாடு பண்ணுங்க. இல்லாட்டி நாங்க வேற இடம் பாத்துக்கிடுதோம்."

இதில் சிக்கல் என்னவென்றால், அந்த வாரம்தான் நொச்சிக்குடாவின் ரபி எலியேசர் ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். ரபி என்றால் யூதர்களுக்கு வேதம் சொல்லி, வழக்குத் தீர்த்து, கல்யாணமும் நடத்தி வைக்கிற குரு. வைத்தியர் அவரிடம், "உடம்பு தேறணும்னா ஊரை மாத்திப் பாருங்க" என்றிருந்தார். நொச்சிக்குடாவை மாற்ற ரபி பல வருஷம் பாடுபட்டுப் பார்த்தார். கடைசியில் தான் மாறிப் போவதே சுலபம் என்று பெட்டியைக் கட்டிவிட்டார்.

படகுத்துறையில் எப்பிராயீம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்களை யாருகிட்ட விட்டுட்டுப் போறீங்க? நாங்க எப்படிப்பட்ட ஆளைத் தேடணும்?"

ரபிக்கு மனம் இளகியது. அதுதான் அவர் செய்த தப்பு. "எனக்குப் பின்னால வர்றவரு வேதத்தைக் கரைச்சுக் குடிச்சவரா இருக்கணும். பழம் தின்னு கொட்டை போட்டவரா இருக்கணும். தலைக்கனம் மட்டும் இருக்கவே கூடாது" என்று சொல்லிப் படகில் ஏறினார்.

அவருக்குப் பின்னால் படகில் ஏற வந்தது கருவாட்டுக்கூடை இசக்கியம்மாள்.

எப்பிராயீம் அவளைக் கும்பிட்டார். "அம்மா, நீங்க வேதத்தைக் கரைச்சுக் குடிச்சிருக்கீங்களா?"

"காலையிலயிருந்து ஒரு வாய் கஞ்சி குடிக்கல. வழியை விடுமய்யா!"

"உண்மையைச் சொல்லுதா. ஆனா தகுதி பத்தாது" என்று எப்பிராயீம் வருத்தத்தோடு வழிவிட்டார்.

அன்றைக்கே தேர்வுக் குழு அமைந்தது. எப்பிராயீம் தலைவர். தையற்கடை நப்தலி ஓர் உறுப்பினர். இன்னொருவர் செபுலோன். ஊரிலேயே பெரிய அறிவாளி என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரை அவரே எடுத்துக்கொண்டார்.

முதல் கேள்வியே கழுத்தைப் பிடித்தது. வேதம் தோலில் எழுதப்பட்ட சுருள். அது எப்படிக் கரையும்?

"கரையாது. கரைக்கவும் கூடாது, பாவம்" என்றார் நப்தலி.

செபுலோன் கண்ணை மூடித் திறந்தார். "சிலேட்டுல சாக்கட்டியால ஒரு வசனம் எழுதுவோம். அதைத் தண்ணி விட்டுக் கழுவுவோம். கழுவின தண்ணி டம்ளர்ல. வேதமும் கரைஞ்சாச்சு, பாவமும் இல்லை."

எப்பிராயீமுக்குப் புல்லரித்துவிட்டது.

முதலில் வந்தவர் ரபி யோனத்தான். நல்ல தாடி, நல்ல குரல். பெட்டி நிறையப் புத்தகம். "நான் சின்ன வயசுலேருந்தே வேதம் படிச்சவன்" என்று ஆரம்பித்தார்.

"படிச்சவங்களைப் பத்திப் பேச்சே இல்லையே" என்றார் செபுலோன். "குடிச்சவரா, அதைச் சொல்லும்."

ரபி யோனத்தான் திடுக்கிட்டார். "ஐயோ, நான் குடிக்கிறதே கிடையாது."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு வெளிப்படையாகத் தன் தகுதியின்மையை ஒப்புக்கொள்ளும் மனிதரை அவர்கள் கண்டதில்லை. மரியாதையாக வழியனுப்பி வைத்தார்கள்.

அடுத்து வந்தவர் இளைஞர். நீண்ட பயணம், நல்ல பசி. சாக்கட்டித் தண்ணீரை மோர் என்று நினைத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டார். எப்பிராயீமின் கண்முன்னே மகளின் கல்யாணப் பந்தல் தெரிந்தது. அடுத்த சோதனைக்காக நப்தலி வாங்கி வந்த பழத்தார் நடுவில் வைக்கப்பட்டது. இளைஞர் ஒவ்வொன்றாக உரித்துத் தின்றார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தார்கள். தார் காலியானது.

"ஒரு கொட்டை கூடப் போடலையே வே!" என்றார் எப்பிராயீம் உடைந்த குரலில்.

"முழுங்கிட்டாரு போல" என்றார் நப்தலி.

"முழுங்கினா அது மறைச்சது மாதிரி. கொட்டையை மறைக்கிறவரு நாளைக்கு எதை வேணும்னாலும் மறைப்பாரு" என்று செபுலோன் தீர்ப்புச் சொன்னார். நப்தலி வாங்கி வந்தது வாழைப்பழம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. இளைஞர் ஏப்பம் விட்டபடி சந்தோஷமாகப் போனார்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அபிகாயில் அப்பா முன்னால் வந்து நின்றாள். "அப்பா, வர்றவங்களை எல்லாம் இப்படி விரட்டினா எனக்கு எப்பதான் கல்யாணம்? எனக்குக் குருவே வேண்டாம். அந்தச் சடங்கு தெரிஞ்ச ஒரு மனுஷன் போதும்."

எப்பிராயீமுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கடையில் உட்கார்ந்து ஒரு குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார். மகள் பாவம்தான். ஆனால் தகுதி என்று ஒன்று இருக்கிறதே!

மூன்றாவதாக வந்தவர் ரபி மெனாகேம். வேலை போய் அலைந்து நொந்தவர். ஊருக்குள் நுழைவதற்கு முன் டீக்கடையில் உட்கார்ந்து, முன்னே வந்த இருவருக்கும் என்ன நடந்தது என்று விசாரித்துவிட்டார். உள்ளே வந்ததும் அவரே டம்ளரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். "வசனம் நல்லா இருக்கு. கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம்" என்றார். மடியிலிருந்து தானே ஒரு மாம்பழத்தை எடுத்துத் தின்று, கொட்டையை வாசலில் எல்லோரும் பார்க்க எறிந்தார். நப்தலி ஓடிப்போய் அதை எடுத்துப் பார்த்து, "அசல் கொட்டை!" என்று கூவினார்.

மிச்சம் தலைக்கனம். உப்புக் கிடங்கிலிருந்து பெரிய தராசு வந்தது. விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"உடம்பை விட்டுட்டுத் தலையை மட்டும் எப்படி நிறுக்க?" என்று கேட்டார் நப்தலி.

"முதல்ல ஆளை முழுசா நிறுக்கணும். அப்புறம் தலை இல்லாம நிறுக்கணும். ரெண்டையும் கழிச்சா தலையோட எடை" என்றார் செபுலோன்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ரபி மெனாகேம் மெதுவாக எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"தலை போயிட்டா அப்புறம் கல்யாணத்தை யாரு நடத்துவா?" என்று எப்பிராயீம் பதறினார். அன்றைய தினத்தில் அந்த அறையில் பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள வார்த்தை அதுதான். அதைச் சொன்னதற்காக மற்ற இருவரும் அவரைக் கொஞ்சம் ஏளனமாகப் பார்த்தார்கள். கடைசியில், ஆள் கீழே படுத்துக்கொண்டு தலையை மட்டும் தட்டில் வைத்தால் போதும் என்று முடிவானது.

எப்படி வைப்பது என்று செபுலோன் தன் தலையை வைத்துக் காட்டினார். எதிர்த் தட்டில் ஒரு தேங்காய் வைத்தார்கள். தேங்காய்த் தட்டு சர்ரென்று கீழே போய்விட்டது. செபுலோனுக்கு அது பெரிய ஆச்சரியம். வேறு யாருக்கும் இல்லை.

பிறகு ரபி மெனாகேம் படுத்தார். கழுத்தை விறைத்துக்கொண்டு, தலை தட்டில் பட்டும் படாமலும் தூக்கிப் பிடித்தார். தட்டு துளிகூட அசையவில்லை.

"கனமே இல்லை!" எப்பிராயீம் தேம்பி அழுதார். "உள்ளே ஒண்ணுமே இல்லை! இப்படி ஒரு ரபி கிடைக்க நாம என்ன தவம் பண்ணினோமோ!"

மழைக்கு முந்திய வாரத்தில் கல்யாணம். காலையில் ரபி குழுவைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "சடங்குல மாப்பிள்ளை ஒரு கண்ணாடியை மிதிச்சு உடைக்கணும். நான் படிக்கிற மும்முரத்துல இருப்பேன். நீங்க மறந்துடாதீங்க."

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். நப்தலி பதற்றத்தோடு, "கண்ணாடி எங்கே வே?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளையே மூக்குல மாட்டிக் கொண்டு வந்திருக்காரு" என்றார் செபுலோன்.

"எவ்வளவு பொறுப்பான குடும்பம்!" என்று எப்பிராயீம் மெச்சிக்கொண்டார்.

மறந்துவிடக் கூடாதே என்று முதல் வேலையாக அதைக் கழற்றி மாப்பிள்ளையின் காலடியில் வைத்து, காலையும் தூக்கி வைத்து அழுத்திவிட்டார்கள். படார். மாப்பிள்ளைக்கு அதற்குப் பிறகு உலகம் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

பந்தலின் கீழே அபிகாயில் வெள்ளை முக்காட்டில் நின்றாள். பக்கத்தில் ரபி வெள்ளை ஜெபச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை தடவித் தடவி வந்து, கண்ணில் பட்ட முதல் வெள்ளையின் கையைப் பிடித்து, சுட்டுவிரலில் மோதிரத்தை மாட்டி, சொல்ல வேண்டிய வாசகத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பெண்கள் குலவையிட்டார்கள்.

"தம்பி, விரலை விடுங்க" என்றார் ரபி. மோதிரத்தைக் கழற்றி அபிகாயிலின் விரலைத் தானே நீட்டி, எல்லாவற்றையும் மறுபடி முறையாக நடத்தி முடித்தார். அபிகாயில் முக்காட்டுக்குள் பெருமூச்சு விட்டாள். அத்தோடு முடிந்திருக்கும்.

செபுலோன் கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம். ரெண்டாவது நடந்தது செல்லும். அப்ப முதல்ல நடந்தது என்னாச்சு? மோதிரம் அசல். வாசகம் சரி. சாட்சிக்கு ஊரே இருக்கு."

பந்தலில் பலத்த விவாதம். நியாயப்படி ரபிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனால் வழக்கில் சம்பந்தப்பட்டவரே எப்படித் தீர்ப்புச் சொல்வது? ரபி வாயைத் திறந்தபோதெல்லாம், "கல்யாணப் பொண்ணு பேசக் கூடாது" என்று அடக்கிவிட்டார்கள். கடைசியில் ஊர் ஒருமனதாக முடிவு செய்தது: இரண்டும் செல்லும்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தலை சுற்றியது. "யாரை வேணும்னாலும் ஏத்துங்கய்யா. மழை வருது, கிளம்பணும்" என்றார்.

ரபி மெனாகேம் ஒரு கணம் யோசித்தார். ஒரு பக்கம் நொச்சிக்குடா. இன்னொரு பக்கம் நொச்சிக்குடாவை விட்டு வெளியே போகிற வேன். பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

எப்பிராயீம் மகளின் கன்னத்தைத் தடவி அழுதார். "போயிட்டு வாம்மா. மூத்தாள் பேச்சைக் கேட்டு நடந்துக்கோ. எதுலயும் போட்டி போடாதே." பிறகு ஜன்னல் பக்கம் போய் ரபியின் கையைப் பிடித்தார். "நீங்களும் பெரிய மனசு பண்ணிச் சின்னவளை அனுசரிச்சுப் போகணும்."

"சரி, சரி. வண்டியை எடுக்கச் சொல்லுங்க!" என்றார் ரபி.

வேன் மறையும்வரை எப்பிராயீம் பார்த்துக்கொண்டே நின்றார். புகுந்த வீட்டுக்குப் போக இவ்வளவு ஆசைப்படுகிற பெண்ணை அவர் தன் வாழ்நாளில் கண்டதே இல்லை.