மலை ஒயினைக் காற்றாட விட்ட மாப்பிள்ளை வீடு

மலையடிவாரத்துப் பண்ணைக்குளம் கிராமத்தில் சூசை, ஆரோக்கியம், லூர்து, இஞ்ஞாசி என்று நான்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். நால்வருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அது எந்த நேரத்தில் யாரிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. கடைக்குட்டி இஞ்ஞாசிக்கு வயது முப்பத்து நாலு. அதுவரை ஆறு பெண் வீட்டார் வந்து, அண்ணன்களோடு அரைமணி நேரம் பேசிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருந்தார்கள்.

ஏழாவது சம்பந்தம் மலைமேலிருந்து வந்தது. பெண் பெயர் பிலோமினா. இஞ்ஞாசி போட்டோவைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அப்பா சந்தியாகு, ஏழாயிரம் அடி உயரத்தில் திராட்சை போட்டு ஒயின் செய்கிறவர். ஒரு பாட்டிலும் கடிதமும் கொடுத்தனுப்பியிருந்தார்.

"உயரத்தில் விளைந்த சிவப்பு ஒயின். லேசானது, நளினமானது. திறந்து அரைமணி நேரம் காற்றாட விடுங்கள். கிளாஸில் ஊற்றிச் சுற்றுங்கள். முதலில் மூக்கு, பிறகு வாய். சட்டென்று விழுங்க வேண்டாம். ஞாயிறு மாலை மகளோடு வருகிறேன். எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும்."

ஞாயிறு மதியம் சூசை பாட்டிலை வெங்காயத் தராசில் வைத்தார். ஒன்றேகால் கிலோ.

"லேசுன்னு எழுதியிருக்காரே!" என்றார் ஆரோக்கியம்.

"மேலே இருந்தப்ப லேசாத்தான் இருந்திருக்கும். கீழே வந்து ஒரே இடத்துல உட்கார்ந்ததும் உடம்பு போட்டிருச்சு," என்றார் சூசை.

"நடக்க விட்டா இளைக்கும்ணே," என்றார் லூர்து. "காற்றாட விடவும் சொல்லியிருக்காரு."

மூடியைத் திறந்து, சளி பிடிக்காமலிருக்கக் கழுத்தில் மப்ளர் சுற்றி, கம்மாய்க் கரையில் மெதுவாக உலாத்தினார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் தளும்பிச் சிந்தியது. திரும்பி வந்து நிறுத்தால் ஒரு கிலோ.

"பார்த்தியா, இளைச்சிருச்சு!" என்றார் சூசை.

அடுத்து நாலு கிளாஸில் ஊற்றித் தரையில் வைத்துச் சுற்றினார்கள். வலமா இடமா என்று தகராறு வந்தது. கடைசியில் இருவர் வலமாகவும் இருவர் இடமாகவும் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் மண்டையை முட்டிக்கொண்டார்கள். பிறகு மூக்கை ஒயினுக்குள் விட்டு, தும்மி, துடைத்து, ஆளுக்கொரு வாய் எடுத்து அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் இஞ்ஞாசிக்கு ஒன்று தெரிந்தது. வாய்க்குள் மழை விட்ட மலைப்பாதை இருந்தது. பிளம்ஸ் பழத்தின் தோல் போல ஒரு புளிப்பு, பாரமே இல்லை. உள்ளே பனி மெல்ல நகர்வது போலிருந்தது. கண் கலங்கிவிட்டது.

வாசலில் ஜீப் நின்றது. சந்தியாகு மகளோடு உள்ளே வந்தார்.

"எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

நாலு ஜோடிக் கன்னங்கள் உப்பியிருந்தன.

"பிடிக்கலையா?" அவர் முகம் கறுத்தது. "வாம்மா, போகலாம்."

இஞ்ஞாசி அண்ணன்களைத் திரும்பிப் பார்த்தான். துப்பினால் மரியாதை போகும். விழுங்கினால் கடிதத்தை மீறியதாகும்.

பிலோமினா நகரவில்லை. "அப்பா, விழுங்க வேண்டாம்னு நீங்கதானே எழுதினீங்க? நீங்க வந்து சொல்ற வரைக்கும் வச்சிருக்காங்க. இப்படி ஒரு மரியாதையை எங்கே பார்த்திருக்கீங்க?"

சந்தியாகு யோசித்தார். "முழுங்குங்க," என்றார்.

"இதைக் குடிச்சா மலையேறின மாதிரி இருக்கு மாமா. ஆனா கால் வலிக்கலை," என்றான் இஞ்ஞாசி.

சந்தியாகு அவனைக் கட்டிக்கொண்டார். அங்கேயே கல்யாணம் நிச்சயமானது. புறப்படும்போது இன்னொரு பாட்டிலைக் கொடுத்து, "கல்யாணம் முடியறவரை இது ஒருக்களிச்சுப் படுத்தே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று பொண்ணு மாப்பிள்ளையோடு பேண்டு செட்டு வீட்டு வாசலுக்கு வந்தது. டிரம்காரர் குச்சியை ஓங்கியதும் சூசை ஓடிவந்து கையைப் பிடித்தார். "மெதுவாய்யா, உள்ளே தூங்குது!" டிரம்மில் குச்சி படாமலும் கிளாரினெட்டில் காற்று போகாமலும் முழுப் பாட்டையும் வாசித்து முடித்தார்கள்.

பிலோமினா நுனிக்காலில் நடந்து அறைக்குள் எட்டிப் பார்த்தாள். தலையணை, போர்வையோடு கட்டிலில் பாட்டில் கிடந்தது. அவள் பதறிப்போனாள்.

"ஐயையோ, அப்பா ஒருக்களிச்சுன்னு சொன்னாரே! மல்லாக்கப் போட்டிருக்கீங்களே!"

ஐந்து பேரும் கட்டிலைச் சூழ்ந்து நின்று, பாட்டிலுக்கு முதுகு எந்தப் பக்கம் என்று தேட ஆரம்பித்தார்கள்.