ஆசானின் தோள்

மலையடிவாரத்தில் எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன ஆசான் ஒருவர் இருந்தார். அவருடைய தலைமைச் சீடன் சுயம்புலிங்கம். விலகிய மூட்டை ஒரே இழுப்பில் ஏற்றிவிடுவான். புதிதாகச் சேர்ந்த பகவதிக்கு எண்ணெய் காய்ச்சுவதைத் தவிர வேறு வேலை எதையும் அவன் கொடுக்கவில்லை.

"இவளை ஏன் சேர்த்தீர்கள், ஆசானே? நோயாளியைத் தொட்டாலே கை நடுங்குகிறது" என்று ஒருநாள் கேட்டான்.

ஆசான் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். வலது தோள்மூட்டு விலகிவிட்டது. சுயம்பு ஓடிவந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கையைப் பிடித்தான்.

"நீ வேண்டாம். பகவதியைக் கூப்பிடு."

"அவள் இதுவரை ஒரு மூட்டுகூட ஏற்றியதில்லை. நரம்பு நசுங்கினால் கையே விளங்காமல் போய்விடும், ஆசானே!"

"தெரியும். நீ பக்கத்திலேயே நில்."

பகவதி முகம் வெளுத்து வந்தாள். சுயம்பு செய்வதைப் போலவே கையைப் பற்றி இழுத்தாள். ஏறவில்லை. ஆசான் பல்லைக் கடித்துக்கொண்டார். சுயம்பு பாய்ந்து கை நீட்டினான். அவர் இடது கையால் அவனைத் தடுத்தார்.

"என்ன தோன்றுகிறது, சொல்" என்றார் அவளிடம்.

"இழுக்க இழுக்கத் தசை இறுகுகிறது, ஆசானே. அதைத் தானாகத் தளரவிட்டால்..."

"செய்."

அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தாள். கையை வெளியே தொங்கவிட்டு, மணிக்கட்டில் ஒரு மணல் பையைக் கட்டினாள். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சுயம்புவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்படியொரு வைத்தியத்தை அவன் கண்டதே இல்லை. ஆனால் ஆசானின் முதுகு மெல்ல மெல்ல இளகிக்கொண்டு வந்தது. பகவதி தோளை லேசாகத் திருப்பினாள். களுக்கென்று மூட்டு உட்கார்ந்தது.

ஆசான் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டுத்துணி எடுக்க உள்ளே ஓடினாள்.

"உங்கள் கையையா பணயம் வைப்பது? தவறியிருந்தால்?" என்று கேட்டான் சுயம்பு.

"உன்னை எதற்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன்?"

அவன் தலை குனிந்தான். தன் இழுப்பில் அலறியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"ஆசானே, அந்த முறையை அவள் எனக்குச் சொல்லித் தருவாளா?"

"அதை என்னிடம் ஏன் கேட்கிறாய்?" என்றார் ஆசான்.