எண்பது மைல் வேகத்தில் ஒச்சப்பன்

ஆவாரங்குளம் விமானக் கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு குட்டி விமானம். அதைத் துடைக்கவும் தள்ளவும் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வது.

மூத்தவர் தாண்டவராயன், யோசிக்கிற வேலை அவருடையது. சடையப்பன் முன்பு கல்யாண வீடுகளில் நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதியவர். நிறுத்தாமல் ஒரு மணி நேரம் ஊதுவார். இளையவன் ஒச்சப்பனுக்கு வயது முப்பத்தெட்டு. அன்று நாலு மணிக்கு அவன் பெண் பார்க்கப் போக வேண்டும். இது பதினோராவது வீடு. முந்தைய பத்து வீட்டிலும் அவன் வாயைத் திறந்து பேசிவிட்டான். பெண் வீடு கொட்டகை வேலியைத் தாண்டினால் வரும் முதல் தெரு.

காலை பத்து மணிக்கு விமானம் ஓட்டும் எஸ்தர் அம்மா ஜீப்பில் டவுனுக்குக் கிளம்பினார். கிளம்பும்போது, இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த விரல் தடிமன் குழாயைக் காட்டினார்.

"பறக்கும்போது எதிர்க்காத்து இதுக்குள்ள வந்து அழுத்தும். அந்த அழுத்தத்தை வச்சுத்தான் உள்ள இருக்கிற முள்ளு வேகத்தைக் காட்டும். குளவி கூடு கட்டிடாம பாத்துக்குங்க. இதுக்குள்ள காத்துதான் போகணும், வேற எதுவும் போகக்கூடாது."

ஜீப் மறைந்ததும் மூவரும் குழாயைச் சுற்றி நின்றார்கள்.

"காத்துதான் போகணும்னாங்க. போகுதா?" என்றார் தாண்டவராயன்.

"ஒரு இலை கூட அசையலண்ணே," என்றான் ஒச்சப்பன்.

"அப்ப நாமதான் அனுப்பணும்."

சடையப்பன் குழாயில் வாயை வைத்தார். ஒச்சப்பன் உள்ளே ஏறி முள்ளைப் பார்த்தான்.

"இருபது! நாப்பது! அண்ணே, எண்பது மைலு!"

சடையப்பன் பயந்துபோய் ஊதுவதை நிறுத்தினார். ஆனால் அவருடைய மூச்சைத் தாங்காமல் கருவி சிக்கிக்கொண்டது. முள் எண்பதிலேயே நின்றுவிட்டது.

"இறக்கையைப் பிடி! விட்டா நாம பின்னால நின்னுருவோம்!" என்று கத்தினார் தாண்டவராயன். இருவரும் ஆளுக்கொரு இறக்கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"அண்ணே, கொட்டகையும் கூடவே வருதே?" என்றார் சடையப்பன்.

தாண்டவராயன் தூண்களை நெடுநேரம் பார்த்தார். "நல்ல கட்டடம்," என்றார்.

"நான் குதிச்சிரட்டுமாண்ணே?" என்றான் உள்ளேயிருந்த ஒச்சப்பன்.

"எண்பதுல போற பஸ்ல இருந்து குதிப்பியா? பேசாம உக்காரு."

ஒச்சப்பன் உட்கார்ந்தான். மற்ற இருவரும் ஒரு கையால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தயிர்சாதம் சாப்பிட்டார்கள். மணி ஒன்றானபோது உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது. பாவம், அவன் நிஜமாகவே அழுதான்.

"மூணு மணி நேரம் ஆச்சுண்ணே. இருநூத்தி நாப்பது மைல் வந்துட்டோம். அங்க எனக்காக பஜ்ஜிக்கு மாவு கரைச்சிருப்பாங்க."

தாண்டவராயனுக்கு மனசு கேட்கவில்லை. கண்ணை மூடி யோசித்தார்.

"திருப்பிருவோம். மூக்கு ஊர்ப்பக்கம் பாத்தா, வந்த வேகத்துலயே திரும்பிப் போயிரும். மூணு மணி நேரம். சரியா நாலு மணிக்குப் பொண்ணு வீடு."

இருவரும் வாலைப் பிடித்துத் தள்ளி விமானத்தைத் திருப்பி நிறுத்தினார்கள். ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலை வாரினான்.

மூன்றரை மணிக்கு எஸ்தர் அம்மாவின் ஜீப் வந்து நின்றது.

"இவ்வளவு தூரம் எங்களைத் துரத்திட்டு வந்தீங்களாம்மா?" என்றார் தாண்டவராயன் நெகிழ்ந்துபோய்.

அம்மா ஜீப்பிலிருந்து இறங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். முள்ளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கண்ணாடியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது.

"ஐயோ, நிறுத்திட்டீங்களே!" என்று அலறினான் ஒச்சப்பன். "இன்னும் அரை மணி நேரம் இருந்துச்சே! நாப்பது மைலை நான் எப்படி நடப்பேன்?"

"நின்னு பேசினா நேரம் போகும். வா," என்று அவன் கையைப் பிடித்து இழுத்தார் தாண்டவராயன். மூவரும் விமானத்தின் மூக்கு காட்டிய திசையில் வேலியைத் தாண்டி ஓடினார்கள்.

முதல் தெருவில், பெண்ணின் அப்பா வாசலில் மாலையோடு நின்றபடி முகம் மலர்ந்தார். "வாங்க மாப்பிள்ளை! சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டீங்களே!"

ஒச்சப்பன் ஓட்டத்தை நிறுத்தாமலே கும்பிட்டான்.

"மன்னிச்சுக்குங்க மாமா, வர ராத்திரி ஆயிரும். உங்க வீட்டுக்கு இன்னும் நாப்பது மைல் இருக்கு!"