கல்யாணக் கழுதைக்கு அரைக்குடம் தண்ணி

மூணு வருசமா மழையே பாக்காத ஒரு ஊர்ல, காத்தாயி காத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். சரியான கோவக்காரி. அய்யனார் கோயில் முன்னாடி நின்னு, "ஏய்யா, உனக்குக் கண்ணு எதுக்கு? அழகுக்கா?"ன்னு சாமியையே கேக்கிறவ. அவ கோவத்துல ஒரு தப்பும் இல்ல கண்ணுங்களா. கேட்டா உங்களுக்கும் வரும்.

ஏன்னா அந்த ஊர்ல ஏரி காஞ்சுபோச்சு, குளம் காஞ்சுபோச்சு, ஆறும் காஞ்சுபோச்சு. தண்ணி இருந்தது ஒரே ஒரு கிணத்துல. அது நாட்டாமை பொன்னுரங்கத்தோட கிணறு. அந்தப் பாவி கிணத்துக்கு மூடி போட்டுப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டான். "என் வாழைத்தோப்புல ஒரு நாள் முழுக்க வேலை பாத்தா ஒரு குடம் தண்ணி. பாக்கலியா, நாக்கு வறண்டு கிட"ன்னுட்டான். வாழைக்குத் தண்ணி வாய்க்கால்ல ஓடுது, மனுசனுக்கு ஒரு குடம்! நினைச்சா எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது.

காத்தாயிக்கு ஒரே மக, செம்பகம். புள்ள பெத்து மூணு நாளாகுது. காய்ச்சல் கொதிக்குது, மார்ல பால் கட்டிப்போச்சு, பச்சப்புள்ள கத்தக்கூடத் தெம்பில்லாம கிடக்கு. மருத்துவச்சி வந்து பாத்துட்டு, "தாய்க்காரிக்குத் தண்ணி போகணும்டி, இல்லேன்னா ரெண்டும் தங்காது"ன்னுட்டுப் போயிட்டா. காத்தாயி தோப்புல குனிஞ்ச முதுகு நிமிராம வேலை பாத்து, அந்த ஒரு குடத்தைக் கொண்டாந்து வைப்பா.

இப்படி இருக்கையில ஊர் கூடிப் பேசுச்சு. என்ன பேசுச்சு? மழைக்குக் கழுதைக் கல்யாணம் பண்ணணுமாம்! பூட்டை உடைக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல பாரு. துணி வெளுக்கிறவரு தண்ணியில்லாம ஊரை விட்டுப் போனப்ப விட்டுட்டுப் போன கழுதைங்க ரெண்டு இருந்துச்சு. அதுங்களைப் புடிச்சாந்து, ஒண்ணுக்கு வேட்டி கட்டி, ஒண்ணுக்குச் சேலை சுத்தி, மஞ்சக்கயிறு கட்டி, மேளம் கொட்டி ஊர்வலம் விட்டாங்க. அப்புறம் எல்லாரும் வானத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டாங்க. மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் ஒரு வாய் தண்ணி யாராச்சும் குடுத்தாங்களா? ம்ஹூம்!

தாகம் தாங்காம ரெண்டு கழுதையும் மாலையும் கழுத்துமா பூசாரி வீட்டு வாசல்ல போயி நின்னுச்சு. "மழை வரும், போ போ"ன்னு கதவைச் சாத்தினாரு பூசாரி. நாட்டாமை வீட்டு வாசல்ல போயி நின்னுச்சு. கம்பெடுத்து நாலு சாத்து சாத்தினான் அவன். அப்புறம் தள்ளாடித் தள்ளாடி காத்தாயி வாசல்ல வந்து நின்னுச்சு.

பாத்ததும் காத்தாயிக்கு வந்துச்சே கோவம்! "ஏண்டா அய்யனாரே, ஊர்ல வேற வாசலே இல்லியா? குடத்துல இருக்கிறதே இம்புட்டுத்தான், இதுலயும் பங்கா? கல்யாணம் பண்ணி வச்ச கழுதப்பயலுக எல்லாம் எங்கடா போனானுக?"ன்னு கத்திக்கிட்டே உள்ள போனா. திட்டிக்கிட்டே குடத்தைத் தூக்கிட்டு வந்தா. திட்டிக்கிட்டே சட்டியில பாதித் தண்ணிய ஊத்தினா. "குடிச்சுத் தொலைங்க!"

உள்ள இருந்து செம்பகம் அழுதா. "யம்மா, எம்புள்ளைக்கு இல்லாத தண்ணி கழுதைக்கா?"

"வாய மூடுடி! வாசல்ல வந்து நிக்கிற சீவனை எப்படிடி வெரட்டச் சொல்ற?"ன்னா. சொல்லிட்டு அடுப்படியில போயி, முந்தானைய வாயில வச்சு அடைச்சுக்கிட்டு அழுதா. மக செத்துப்போனா, கொன்னவ நான்தானேன்னு அவளுக்கு நினைப்பு.

மறுநாள் விடியுது, ஆத்துப் பக்கம் கழுதை கத்துது. விடாம கத்துது. மக இப்பத்தான் கண்ணசந்தா, இதுங்களுக்கு என்ன கேடுன்னு காத்தாயி தொடப்பத்தைத் தூக்கிட்டு ஓடினா, ரெண்டு சாத்து சாத்தலாம்னு. ஓடிப்போயி பாத்தா, ஆத்து வளைவுல நாணல் ஓரமா ரெண்டும் முன்னங்காலால மணலைப் பறிச்சுக்கிட்டு நிக்குது. முழங்கால் ஆழம் பள்ளம். உள்ள ஈரம்! ஊர்க்காரங்க அஞ்சாறு இடத்துல தோண்டிப் பாத்துக் கைவிட்ட ஆறுதான். கழுதைக்கு மூக்குக் காட்டிக்குடுத்துச்சு, நேத்துக் குடிச்ச தண்ணி காலுக்குத் தெம்பு குடுத்துச்சு.

காத்தாயி தொடப்பத்தை வீசிட்டு ரெண்டு கையாலயும் மணலை அள்ளினா அள்ளினா, நகம் பேந்து ரத்தம் வர்ற வரைக்கும் அள்ளினா. குபுகுபுன்னு ஊத்து வந்துச்சு. சட்டியில மொண்டுக்கிட்டு ஓடி மக வாயில ஊத்தினா, திரும்ப ஓடினா, திரும்ப ஊத்தினா. பொழுது சாயறதுக்குள்ள காய்ச்சல் விட்டுச்சு, பால் சுரந்துச்சு, புள்ள வீல்னு கத்துச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் காத்தாயி உக்காந்தா.

சேதி கேட்டு நாட்டாமை அடியாளுகளோட வந்தான். "ஆறும் என் எல்லை, ஊத்தும் எனக்குத்தான். வேலி போடுங்கடா!"ன்னான். அடியாளுக கம்பைக் கீழ போட்டுட்டு, குனிஞ்சு தண்ணி குடிக்க ஆரம்பிச்சிட்டானுக. அவனுக வீட்லயும் புள்ளகுட்டி இருக்குல்ல?

அன்னியோட அவன் தோப்புக்கு ஒரு ஆளும் போகல. வீம்பு புடிச்சவன், தானே மாட்டைப் பூட்டி, கமலை கட்டி வாழைக்கு இறைச்சான் இறைச்சான், கிணறு சேறு காட்டுற வரைக்கும் இறைச்சான். வாழையும் சாஞ்சுபோச்சு. அவன் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. கடைசியில தானே குடத்தைத் தூக்கிட்டு ஊத்துக்கு வந்து, வரிசையை விலக்கிட்டு முன்னால போனான்.

காத்தாயி கையை நீட்டி மறிச்சா. "எங்க போறீரு?"

"தாகம் உயிர் போகுது காத்தாயி."

"உம்ம வாசல்ல வந்து நின்னதுங்களுக்கும் அப்படித்தான்யா போச்சு! தண்ணி இல்லேன்னு சொல்லமாட்டேன். நான் உம்மை மாதிரி இல்ல. ஆனா முன்னால நிக்கிற கழுதைங்க ரெண்டும் குடிச்சு முடிக்கட்டும். பின்னால போயி நில்லும்."

ஊரே பாக்க, நாட்டாமை கழுதை வாலுக்குப் பின்னால குடத்தோட நின்னான். அதுங்க அவசரமே படல.

சாமி மழையா வருவாருன்னு ஊரே மேல பாத்துச்சு. அவரு குளம்புக் காலோட வாசல்ல வந்து நின்னாரு. அரைக்குடம் ஊத்தினவளுக்குக்கூட அது தெரியாது. அவ பாட்டுக்குத் திட்டிக்கிட்டே ஊத்தினா. அவருக்கு அது போதும். கதையும் போதும், கண்ண மூடுங்க.